தர்பூசணிக்காக ஐந்து போர்க்கப்பல்கள்

இம்தகன்,
வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பின்.

மதிப்பிற்குரிய ஹம்மு சித்தப்பா அவர்களுக்கு,

நீங்கள் என் அப்பாவை ஒரே சீசனில் ஆறு முறை கொன்றிருக்கிறீர்கள். ஏழாவதாக இப்போது அவர் குரலைக் கொல்லப் பார்க்கிறீர்கள்.

உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் வர்ஸாசாத் நகரத்தில் கட்டிய புது வீடும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். அம்மா நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. ஆடுகள் இரண்டும் நலம். குழாயில் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாளாகிறது. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய தாள் கிடைத்தது. 'கண்ணாடித் தூதரகம்' தொடரின் மூன்றாவது சீசன், எட்டாவது எபிசோடில் வரும் பாஸு என்பவரின் குரலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கெய்ரோவில் இருக்கும் ஒரு நடிகரின் குரலைப் போடுவார்களாம். அதற்கு பாஸு, அதாவது என் அப்பா, அதாவது உங்கள் கூடப்பிறந்த அண்ணன், முழு மனதோடு சம்மதிக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வர வேண்டாம். அப்பா கையெழுத்துப் போட மாட்டார். ஏன் என்பதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிப் பழகிய கை, கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த ஆறு சாவுகள். படக் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் நீங்கள், சீசன் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, ஊரில் ஆண்கள் யாரும் தாடி எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினீர்கள். எடுக்கவில்லை. நாவிதர் வேலையில்லாமல் கடையைப் பூட்டிவிட்டு அவரும் தாடி வளர்த்தார். முதல் எபிசோடில் சந்தையில் குண்டு வெடிக்கிறது, அப்பா பேரீச்சம்பழக் குவியலோடு சாகிறார். இரண்டாம் எபிசோடில் அந்தச் சந்தையில் செத்தவர்களின் இறுதி ஊர்வலம் போகிறது, ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் அப்பாவையே பாடை தூக்க வைத்தீர்கள், அவர் பிணத்தை அவரே சுமந்து போகும்போது மேலே விமானம் வந்து மறுபடி செத்தார். மூன்றில் மதிலில் இருந்து விழுந்தார். நான்கில் கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் தகப்பனாக. ஐந்தில், முதல் எபிசோடில் செத்த தனக்காகப் பழிவாங்கக் கிளம்பி வழியிலேயே செத்தார். ஏழில் ஏன் செத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை, டைரக்டருக்கும் தெரிந்திருக்காது. அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, உன் சித்தப்பனுக்கு போன் போட்டுக் கேளு. இந்த வாரம் நான் வெள்ளை உடுத்தணுமா, வேணாமா? துவைக்கப் போடணும்."

இதையெல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். நம்மைக் கொல்ல அவர்களுக்கு நம் பெயர் தேவையில்லை, ஊர் தேவையில்லை, தாடி போதும். தொடரின் கதாநாயகியான பெண் ஒற்றருக்கு ஏழு மொழிகள் தெரியும் என்று முதல் எபிசோடிலேயே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த ஏழில் நம்முடையது இல்லை. அதுவும் போகட்டும். எட்டாவது எபிசோடுக்கு வருவோம். அன்று நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டிய நிலைமைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். அன்றைய கதைத்தாளில், கிழவன் துப்பாக்கியை உயர்த்தித் தன் மொழியில் கோபமாகக் கத்துகிறான் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. என்ன கத்துகிறான் என்று எழுதவில்லை. அமெரிக்க அமைச்சர் ஒருவர் தும்முவதற்குக்கூட ஒரு வரி எழுதியிருந்தவர்கள், நம் கிழவனுக்கு எழுதவில்லை. நான் அன்று அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியோடு பக்கத்தில்தான் நின்றேன், காதால் கேட்டேன்.

"என்னடா ஹம்மு சொல்றது நான்?"

"எதையாவது சொல்லுண்ணே. கோவமா இருக்கணும், அவ்வளவுதான். ஒருத்தனுக்கும் புரியப் போறதில்ல."

"யார் மேல கோவம்?"

"யார் மேல வேணா வச்சுக்க. உனக்குக் கோவமே வராதாண்ணே?"

முதல் டேக்கில் அப்பாவுக்கு வெட்கம். முன்பின் தெரியாத மனிதரை எடுத்த எடுப்பில் திட்டுவது எப்படி என்று, துப்பாக்கியை ஆட்டிக்கொண்டு டைரக்டரைப் பார்த்து நலம் விசாரித்தார். "வீட்ல எல்லாரும் சுகமா! புள்ளைங்க சுகமா! உன் ஆடு மாடெல்லாம் சுகமா! இந்த வருஷம் மழை பேஞ்சுதா!" டைரக்டருக்குப் பிடித்திருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து வர வேண்டும் என்றார். நீங்கள்தான் அதை மொழிபெயர்த்தீர்கள் சித்தப்பா. "உள்ளேருந்து வரணுமாம்ணே" என்றீர்கள்.

வந்தது. நம் ஊரில் பெயர் சொல்லாமல் திட்டுகிறவனைக் கோழை என்பார்கள், அப்பா கோழை இல்லை. இருபத்தாறு வருஷம் ஊர்க் கிணற்றில் பம்பு ஓட்டிய மனிதர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊராட்சித் தலைவர் லர்பி அந்தப் பம்பைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றிக்கொண்டு போனார், அது இன்றுவரை அவருடைய தர்பூசணித் தோட்டத்தில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதிய மனுக்கள் பதினான்கு. முத்திரையோடு, நகலோடு, மேன்மை தங்கிய என்று தொடங்கி எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"லர்பி! டேய் லர்பி! உன் தர்பூசணி தண்ணி குடிச்சு வயிறு வீங்கிக் கெடக்கு, எம் பொண்டாட்டி குடத்தத் தூக்கிட்டு மூணு மைல் நடக்குறாடா! எம் பம்ப எங்கடா வச்சிருக்க? அது உங்கப்பன் வீட்டுச் சீதனமா? நீ கப்பல்ல ஏத்தி அனுப்புறது பழமில்லடா, எங்க கெணறுடா!"

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். குடை பிடித்துக்கொண்டிருந்த உதவியாளப் பெண் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் மட்டும் தரையைப் பார்த்தீர்கள்.

அந்த எபிசோட் வந்ததும் ஸாயித் தன் காபிக்கடைச் சுவர் நிறைய வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை, எல்லோரும் கூஸ்கூஸ் சாப்பிட்ட வயிற்றோடு வந்திருந்தார்கள். அப்பா கத்த ஆரம்பித்ததும் கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது: 'விடிவதற்குள் தூதரகம் சாம்பலாகும். எங்கள் தியாகிகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' மலைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் பெண் ஒற்றர் முகம் வெளுத்துப் போய், விடியற்காலை, தூதரகம் என்று ரேடியோவில் சொல்கிறார். அடுத்த காட்சியில் ஜனாதிபதியை எழுப்புகிறார்கள். அதற்கடுத்த காட்சியில் ஐந்து போர்க்கப்பல்கள் திரும்புகின்றன. நம் ஊர் தர்பூசணிக்காக ஐந்து போர்க்கப்பல்கள், சித்தப்பா! காபிக்கடை கூரை பிய்த்துக்கொண்டது. ஸாயித் நாலு முறை பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் பல்செட் கழன்று விழுந்தது. மிச்ச சீசன் முழுக்க நிற்பதே அப்பாவின் அந்த ஒரு வாக்கில்தான், அதைச் சொன்னவரின் பெயர் கடைசியில் ஓடும் பட்டியலில் இல்லை. தொடரில் மோப்பம் பிடிக்கும் வெளிநாட்டு நாய்க்கு இருக்கிறது, பயிற்சியாளர் பெயரோடு.

இணையத்தில் இந்தத் தொடருக்கென்று கூடிப் பேசுகிறவர்கள், அப்பாவின் கத்தலில் காதில் விழும் லர்பி யார் என்று கண்டுபிடிக்கப் படாதபாடு படுகிறார்கள். செத்ததாக நாடகமாடும் ஜெனரல் என்கிறான் ஒருவன், துணை ஜனாதிபதியின் ரகசியப் பெயர் என்கிறான் இன்னொருவன். லர்பி என்பவர் எங்கள் ஊராட்சித் தலைவர், சர்க்கரை வியாதிக்காரர் என்று நான் ஒரு தடவை எழுதினேன். கதையைக் கெடுக்காதே என்று பத்துப் பேர் திட்டினார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் வரிசை. எல்லோருக்கும் அடுத்த சீசனில் அப்பா வாயால் ஒரு வரி வேண்டும். "பாஸு அண்ணே, மருந்தகத்துல நர்ஸ் இல்ல, அதையும் சேத்துக் கத்திரு" என்று ஒரு அம்மாள். பாலம் இடிந்து கிடக்கிறது என்று ஒருவர். "எம் மச்சான் பேரையும் சொல்லிருண்ணே. அவன் ஒண்ணும் பண்ணல, சும்மா சொல்லு" என்று இன்னொருவர். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். மனு எழுதி என் கை தேய்ந்த இத்தனை வருஷத்தில், முதல் முறையாக வெளியே யாரோ கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை ஜனங்கள் முகத்தில் தெரிந்தது. கேட்கிறவர்கள் தப்பாகத்தான் கேட்கிறார்கள் என்றாலும்.

பிறகு லர்பி வந்தார். அம்மா தேநீர் வைத்தாள், வாங்கி வந்த கேன் தண்ணீரில்.

"பாஸு, உலகம் பூரா என் மானத்த வாங்கிட்டியே."

"உலகத்துக்கு நம்ம பாஷை தெரியாதே தலைவரே."

"எம் மருமகனுக்குத் தெரியும்ல. பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்து பாத்துட்டு போன் பண்றான். மாமா, தர்பூசணி எப்படியிருக்குன்னு கேட்டுச் சிரிக்கிறான்."

"எப்படியிருக்கு?" என்றார் அப்பா. நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டார். லர்பி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் குரலை நீக்காவிட்டால் நாலாவது சீசனுக்கு இந்த ஊராட்சியில் ஒரு கேமரா இறங்காது என்று சொல்லிவிட்டு உங்களைப் பார்க்க வந்தார். நீங்கள் உடனே எனக்கு போன் செய்தீர்கள்.

"இத்தோ, நீ படிச்ச புள்ள. அப்பாவுக்கு எடுத்துச் சொல்லும்மா. குரல்தான போகுது, முகம் அப்படியே இருக்கும்ல? ஷூட்டிங் நின்னா அறுபது பேர் பொழப்பு போயிரும், தெரியும்ல?"

தெரியும். அந்த அறுபது பேரில் என் சிநேகிதிகள் நாலு பேர். அந்தப் பிழைப்பு பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அறுபது பேர் பிழைப்பை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் என் அப்பாவின் தொண்டையை வைத்தது யார்? லர்பியா, அந்தக் கம்பெனியா, நீங்களா? அவர்கள் நம்மைப் பிணமாகக் கேட்டார்கள், கொடுத்தீர்கள். கூச்சலாகக் கேட்டார்கள், கொடுத்தீர்கள். கூச்சலுக்குள் தவறிப்போய் ஒரு மனிதன் பேசிவிட்டான் என்றதும் கையில் தாளோடு வருகிறீர்கள். அப்பா கையெழுத்துப் போட மாட்டார். குரல் அப்படியே இருக்கும். அது மட்டுமல்ல, கீழே ஓடும் எழுத்தையும் மாற்ற வேண்டும், அவர் சொன்னது என்னவோ அதையே எல்லா மொழியிலும் போட வேண்டும், கப்பல்கள் திரும்புவது திரும்பட்டும். நான் பதினைந்தாவது மனுவாக இதைக் கம்பெனிக்கே அனுப்புகிறேன், நகல் உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன். தேநீர் உண்டு. ஆனால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதை நல்லபடி செலவழிக்கும் புத்தியும் தரட்டும். சித்தியின் கையை என் சார்பில் முத்தமிடுங்கள். பிள்ளைகளுக்கு அன்பு.

உங்கள் அண்ணன் மகள்,
இத்தோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா உள்ளே வந்தார். மேலே 'அப்பா கையெழுத்துப் போட மாட்டார்' என்று வருகிற மூன்று இடத்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். தொழுகை முடிந்து லர்பி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். தர்பூசணி வெட்டி வைத்தார்களாம், நன்றாக இருந்ததாம். திங்கட்கிழமை பம்பு கிணற்றுக்குத் திரும்பி வரும், நீயே ஓட்டு என்றாராம். "போட்டுட்டேன்மா" என்று சட்டைப்பையிலிருந்து உங்கள் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார் அப்பா. "நான் கத்துனதே தண்ணிக்குத்தான? தண்ணி வருதுன்னா கத்துனது எங்க போனா என்ன?" பம்பு ஓட்டும் பழைய சட்டையை இப்போதே எடுத்து வெளியே உதறிக்கொண்டிருக்கிறார், முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். நான் உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி படித்தேன். மூன்று பக்கம், பொடி எழுத்து. குரல் என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. முகம் என்று நாலு இடத்தில். என்றென்றைக்கும் என்று இரண்டு இடத்தில், பிரபஞ்சம் முழுவதும் என்றுகூட ஓர் இடத்தில் இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது சித்தப்பா? வரி எண்ணோடு எழுதி அனுப்புங்கள்.