கடக ராசிக்குக் கடல் பந்தயம்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் கூட்டம் கூடினால், முன்பெல்லாம் யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது அப்படியில்லை. தண்ணீரில் விழப்போகிறவர்கள் முன்கூட்டியே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசையின் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஜலசித்தர். மேலே காவி ஜிப்பா, கீழே ஓட்டக்காரர்கள் போடும் ஷார்ட்ஸ், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பூர்வாசிரமத்தில் அவர் பெயர் உதயகுமார். செம்பரம்பாக்கம் பக்கம் பள்ளத்தில் மனை போட்டு விற்றவர். அவரிடம் மனை வாங்கியவர்கள் முதல் மழையிலேயே நீந்தக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே அவர் தன்னை நீச்சல் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்வதில் குற்றம் காண முடியாது.

இப்போது அவருடைய தொழில் ட்ரையத்லான். முதலில் நீந்த வேண்டும், ஈரம் காயுமுன் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிகளில் குடியேறிய ஐடிக்காரர்களுக்குச் சம்பளமும் தொப்பையும் சேர்ந்தே ஏறியதால் இந்த ஆசை வேகமாகப் பரவியிருந்தது. அதிலும் நெடுந்தூரப் பந்தயம்தான் கௌரவம். எந்தப் பந்தயத்தில் சேர்வது என்பதைச் சாதாரண ஜனங்கள் தங்கள் மூச்சையும் முழங்காலையும் கேட்டு முடிவுசெய்வார்கள். ஜலசித்தரின் பக்தர்கள் ராசியைக் கேட்டு முடிவுசெய்தார்கள். மேஷமா, மேடு ஏறும் பந்தயம். சிம்மமா, காட்டுப்பாதை. கிருபாகரனுக்குக் கடகம். நண்டு ராசி. ஆகவே கடல்.

கிருபாகரன் கரூர்க்காரர், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். அடுத்தவர் செய்ததை நம்பாமல் குடைந்து குடைந்து குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். பட்டனை அழுத்தினால் பட்டன் வேலை செய்யும் என்றுகூட அலுவலகத்தில் நம்பமாட்டார். அப்படிப்பட்டவர், ஜலசித்தர் சொன்ன மாத்திரத்தில் கடல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கடலில் நீந்த வேண்டும். நீச்சல் குளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள்ளேயே அவருக்கு நெஞ்சு அடைக்கும். பாதியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் ஜலரட்சை. கையில் கட்டும் நீல ரப்பர் பட்டை, நடுவில் கனமாக ஒரு செம்பு மணி. மணிக்குள் கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று மூன்று ஏரித் தண்ணீரை மந்திரித்து அடைத்திருக்கிறதாம். கட்டியவரை நீர் விழுங்காது. நிபந்தனை ஒன்றே ஒன்று: குளோரின் பட்டால் சக்தி இறங்கிவிடும். ஆகவே நீச்சல் குளத்தில் கால் வைக்கக்கூடாது. நீந்தப் பயந்தவருக்கு இதைவிட இனிப்பான பத்தியம் உண்டா? கிருபாகரன் பயிற்சியை நிறுத்திவிட்டார்.

அவரோடு குளத்துக்கு வந்துகொண்டிருந்த விஜிக்கு இது பொறுக்கவில்லை. பருத்திப்பட்டில் பிறந்து வளர்ந்தவள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவளும் ட்ரையத்லானுக்குத் தயாராகிறவள்தான். ஒருநாள் அவரைத் தெருவிலேயே மடக்கினாள்.

"இன்னா அண்ணாத்தே, கொளத்தாண்ட ஆளையே காணோம்? பந்தயம் அடுத்த மாசம் கீது!"

"ரட்சை கட்டியிருக்கேன் விஜி. குளோரின் படக்கூடாதாம்."

"கொளத்துல எறங்காம கடல்ல எப்டி நீந்துவே?"

"தண்ணி தானா தாங்கும். ஞாயித்துக்கெழமையானா ஏரிக்கரையில சித்தர் செஞ்சு காட்டறார். என் கண்ணால பார்த்தேன்."

"ஆபீஸ்லயும் இப்டித்தான் கண்ணால பாத்துட்டு பாஸ் போடுவியா?"

கிருபாகரனுக்குச் சுருக்கென்றது. பட்டையைத் திருகினார். "உள்ளதைச் சொல்றேன் விஜி. கடலை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு. இது கையில இருந்தாத்தான் தைரியமா இருக்கு."

விஜி அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. "பயம் இருந்தா மனுசன் கரையில நின்னு பொழச்சுக்குவான். அத்தையும் அந்தாளு புடுங்கிகினான் பாரு, அதான் எனக்கு பேஜாரா கீது. ஞாயித்துக்கெழம நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வித்தை தொடங்கியது. பூந்தமல்லியிலிருந்து வந்த லாவண்யா ஒற்றைக் காலில் நின்று ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். ஜலசித்தர் அந்தக் கையை லேசாக அமுக்கினார். சாய்ந்துவிட்டாள். பிறகு ரட்சையைக் கட்டிவிட்டு மறுபடி அமுக்கினார். அசையவில்லை. கூட்டம் கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, எனக்கு ஒரு சின்ன ஆசை" என்று விஜி முன்னால் வந்தாள். பையிலிருந்து முனை வெட்டிய நீளமான கால்பந்து சாக்ஸ்களை எடுத்தாள். "ரெண்டு பேரு இத்த முழங்கை வரிக்கும் மாட்டிக்கட்டும். உள்ள ரட்சை கீதா இல்லியான்னு உங்களுக்குத் தெரியாது. தடவிப் பாக்கக் கூடாது, அமுக்கிப் பாத்து சொல்லணும். உங்க சக்தி ஊருக்கே தெரியட்டும்."

ஜலசித்தர் தயங்கினார். பக்தர்கள் தயங்கவில்லை. "காட்டுங்க சாமி!" என்று ஒரே கூச்சல். பக்தர்கள் செய்கிற உதவியை எதிரிகளால் ஒருநாளும் செய்ய முடியாது.

"அண்ணாத்தே, நீயே மாட்டிவுடு. யாருக்கு கீது, யாருக்கு இல்லன்னு என்னாண்டகூட சொல்லாத" என்றாள் விஜி.

டீக்கடைக்குப் பின்னால் போய்க் கிருபாகரன் தனக்கும் லாவண்யாவுக்கும் மாட்டினார். தன் ரட்சையைக் கழற்றிப் பையில் போட்டார். சித்தர் சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் கெஞ்சினார்.

முதலில் அவரே நின்றார். இவ்வளவு பெரிய பக்தர் ரட்சையைக் கழற்றுவாரா என்ன என்று நினைத்த ஜலசித்தர் அமுக்கினார். கிருபாகரன் மின்கம்பம்போல நின்றார்.

"பாருங்கள்! மகன் கையில் ரட்சை!"

சாக்ஸை உருவினார்கள். உள்ளே வெறும் கை. அடுத்து லாவண்யா. அமுக்கியதும் சாய்ந்தாள். "இந்தக் கையில் இல்லை" என்றார் சித்தர், குரல் சற்று இறங்க. உருவிப் பார்த்தால், இன்னொரு பக்தரிடம் இரவல் வாங்கியதையும் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டாக ரட்சை கட்டியிருந்தது.

"காலில் போடுவதைக் கையில் போட்டால் தீட்டு. சக்தி கோபித்துக்கொண்டது!"

"புதுசு சாமி. எந்தக் காலும் பாக்காத சாக்ஸு" என்ற விஜி, லாவண்யாவை மறுபடி நிறுத்தினாள். அவள் விரல் நுனியில் வெளிப்பக்கமாக அமுக்கினாள்; லாவண்யா சாய்ந்தாள். முழங்கைக்கு மேலே உடம்பை ஒட்டி அமுக்கினாள்; லாவண்யா நின்றாள். "அவ்ளோதான் வித்தை. யாரு வேணா செய்யலாம். சக்தி பட்டையில இல்ல, சாமி எங்க கை வெக்கிறாருன்றதுல கீது."

அப்போதும் கூட்டத்தில் ஒரு குரல்: "இருந்தாலும், தண்ணியில காப்பாத்துமில்ல?"

இதற்குக் கிருபாகரன்தான் முன்னால் வந்தார். டீக்கடை பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தது. பையிலிருந்து தன் ரட்சையை எடுத்து, வேலையில் பழகிய நிதானத்தோடு அதில் விட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஜலரட்சை நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பக்கெட்டுலயே முழுகுது" என்றார் கிருபாகரன். "இதை நம்பி நான் கடல்ல எறங்கியிருப்பேன். எம்பொண்ணு கரையில நின்னு கை காட்டிக்கிட்டு இருந்திருப்பா."

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். ஜலசித்தர் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்று விளையாட்டில் ஒன்றாவது அவருக்கு வரும் என்பது அன்றுதான் நிரூபணமாயிற்று.

கிருபாகரன் கடல் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார். மறுநாள் காலை குளத்தில் இறங்கினார். பாதியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார், இருமினார், மறுபடி நீந்தினார். இந்த முறை எந்தப் பந்தயத்தில் சேரலாம் என்று தன்னுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்லாது.

கொரட்டூர் ஏரிக்கரையில் இப்போது வேறொருவர் நாற்காலி போட்டிருப்பதாகக் கேள்வி. பட்டை சிவப்பு நிறமாம். பழைய கூட்டத்தில் பாதிப்பேர் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: பந்தய விதிப்படி சைக்கிள் ஏறும்போது ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட்டுக்குள் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதை நாமாகத்தான் செய்ய வேண்டும்.