சித்தப்பாவைக் கொன்ற கொழுப்புக் கட்டி

ஒரு கொலையை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். என் சொந்தச் சித்தப்பாவை மேல்கோட்டையில், பட்டப்பகலில், பத்துப் பேர் எதிரில், ஒரே வார்த்தையில் சாகடித்தவன் நான். சொத்துத் தகராறெல்லாம் இல்லை. என் வலது தோளில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. அதுதான் காரணம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. மைசூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. (புதிய பாரதமே என் மேஜை வழியாகத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போனது என்னவோ உண்மை, வெளியே வந்ததாகத்தான் தகவல் இல்லை.) அந்தச் சமயத்தில்தான் தோளில் கட்டி. வலிக்கவில்லை, அரிக்கவில்லை, ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் அதிகமாயிற்று.

ஆபீஸில் காட்டினேன். அன்றைக்கு அங்கே வேலை நடக்கவில்லை. எல்லோரும் டாக்டர்களாகிவிட்டார்கள். ஹெட் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "ராஜபிளவை. எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. பதினோரு நாள்தான் இருந்தார்" என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாளே தேவராஜ மொஹல்லாவில் ஒரு டாக்டரிடம் ஓடினேன். கன்னடக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து நானே பேசினேன். ராஜபிளவையின் லட்சணங்கள், அதற்குப் போடவேண்டிய ஊசி, அந்த ஊசியின் குறைகள் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் கட்டியை இரண்டு விரலால் அமுக்கினார், நகர்த்தினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொப்பு ரீ. பிட்டுபிடி."

கன்னடத்தில் கொப்பு என்றால் கொழுப்பு. பிட்டுபிடி என்றால் விட்டுவிடுங்கள். நம் பாஷை மாதிரியே அந்தப் பாஷையிலும் கொழுப்பு உடம்பிலும் இருக்கலாம், வாயிலும் இருக்கலாம். 'இது வெறும் கொழுப்பு, அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று அவர் வைத்தியம் சொன்னார். 'உமக்குக் கொழுப்பு, அதை விட்டொழியும்' என்று என் காதில் விழுந்தது. ஒரு சர்க்கார் குமாஸ்தாவைப் பார்த்தா இந்தப் பேச்சு! சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

பிறகு சுய வைத்தியம். நெய்யை நிறுத்தினேன். கொள்ளை அரைத்துப் பற்றுப் போட்டேன். நான் இளைத்தேன், கட்டி இளைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் மேல்கோட்டையிலிருந்து ஜாதகம் வந்தது. பெண் பெயர் யதுகிரி. அவளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். மண்டி மொஹல்லாவில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பாயசத்தில் வழுக்கி விழுந்த ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, மற்றவர்களெல்லாம் அடக்கிக்கொண்டபோது வாய்விட்டுச் சிரித்த பெண். கட்டினால் அவளைத்தான் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். ராஜபிளவைக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் கட்டி விஷயம் அப்பாவுக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பெண் பார்க்க அப்பா, சித்தப்பா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். (அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.) சித்தப்பா, "கல்யாணியில காலை அலம்பிண்டு வரேன்" என்று குளத்துப் பக்கம் போய்விட்டார். நானும் அப்பாவும் பெண் வீட்டுக்குள் போனோம். யதுகிரியின் அப்பா நல்ல உயரம், கணீரென்ற குரல்.

"வாங்கோ, வாங்கோ. மாப்பிள்ளே, சட்டையைக் கழட்டிடுங்கோ. பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து உக்காரலாம்."

கழற்றினால் கட்டி தெரிந்துவிடும். உத்தரீயத்தால் இரண்டு தோளையும் மூடிக்கொண்டால் பெரியவர்கள் முன்னால் மரியாதையில்லை. ஒரு தோளில் போடலாம். எந்தத் தோளில்? கட்டி இருக்கும் தோளில்தான், இதில் என்ன யோசனை! வலது தோளில் இழுத்துப் போட்டு, இடது பக்கம் இடுக்கிக்கொண்டு, கம்பீரமாகக் கூடத்துக்கு வந்தேன்.

எங்களவர்கள் வலது தோளில் மேல்துணி போடுவது ஒரே காரியத்துக்குத்தான். திவசம், தர்ப்பணம், சாவுக் காரியம். நல்ல நாளில் எப்போதும் இடது தோள். வருஷா வருஷம் அம்மாவுக்குத் திவசம் பண்ணுகிறவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நிமிஷத்தில் மட்டும் தெரியவில்லை.

தட்டில் பழம் எடுத்து வந்த மாமி பாதி வழியில் நின்றுவிட்டாள். யதுகிரியின் அப்பா என் தோளையே பார்த்தார்.

"என்ன இது? மாத்திப் போட்டுண்டிருக்கேளே! யாருக்கு என்ன ஆச்சு?"

கட்டியைச் சொல்லாமல் தப்பிக்க எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. அவசரத்துக்கு ஒருவர்தான் கிடைத்தார்.

"சித்தப்பா..." என்றேன்.

"ஐயையோ! எப்போ?"

"கார்த்தால."

"தீட்டோடயா பொண் பாக்க வந்தேள்?" என்று அவர் அப்பாவிடம் திரும்பினார். மாமி பழத்தட்டோடு அப்படியே பின்வாங்கினாள். சமையலறையிலிருந்து, "பண்ணி வச்ச புளியோதரையெல்லாம் என்ன பண்றது?" என்று ஒரு குரல். அப்பா திருதிருவென்று விழித்தார். "அவன் இப்போதானே என் பக்கத்துல உக்காண்டு முறுக்குத் தின்னுண்டு வந்தான்!"

அப்போது வாசலில் ஈரக்காலோடு சித்தப்பா.

"காப்பி ஆச்சா?"

அடுத்து நடந்ததை விவரிக்க எனக்கு இன்னமும் கூசுகிறது. அப்பா என் உத்தரீயத்தைப் பிடித்து ஒரே இழு. கட்டி சபைக்கு வந்தது. "ராஜபிளவை!" என்று யாரோ கத்த, நாலு பேர் ஒதுங்கி நின்றார்கள். யதுகிரியின் அப்பா, "வியாதியை மறைச்சு, இருக்கறவரைச் சாகடிச்சு... இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று.

அறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"அப்பா! உங்க முதுகுல மூணு இருக்கே, அதுக்கென்ன பேராம்?"

தொடர்ந்து அதே சிரிப்பு. மண்டி மொஹல்லாவில் கேட்ட அதே வாய்விட்ட சிரிப்பு.

சிவந்துபோன முகத்தோடு அவர் என் பக்கத்தில் வந்தார். கட்டியை ஒரு விரலால் அமுக்கினார். "வழுக்கிண்டு ஓடறது. வலிக்கறதா?"

"இல்லை."

"வெறும் கொழுப்புடா இது! கெட்டியா, நகராம, கிடுகிடுன்னு வளந்தா டாக்டர்கிட்ட ஓடணும். என்னோடது இருபது வருஷமா சும்மாத்தான் கிடக்கு. இதுக்கா ஒரு மனுஷனைக் கொன்னே?"

"யாரைக் கொன்னான்?" என்றார் சித்தப்பா, இன்னும் காப்பி கிடைக்காமல்.

கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கட்டி சட்டையில் உரசும் அளவுக்கு வளர்ந்தபோது, டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் எடுத்துவிட்டார். மஞ்சளாக, வெண்ணெய் உருண்டை மாதிரி இருந்தது. ("இவ்வளவுதானா? பாக்கியை எப்போ எடுப்பா?" என்றாள் யதுகிரி.)

செத்ததாகப் புரளி கிளம்பினால் ஆயுசு கெட்டி என்பார்கள். சித்தப்பா தொண்ணூறைத் தாண்டினார், பெருமையை எனக்கே கொடுத்தார். அதிலிருந்து குடும்பத்தில் எனக்கு ஒரு நிரந்தர உத்தியோகம். யார் படுத்துக்கொண்டாலும், "அவனைக் கூப்பிடு, செத்துட்டார்னு ஒரு தடவை சொல்லச் சொல்லு" என்று ஆள் வரும். போய்ச் சொல்லிவிட்டு, காப்பி சாப்பிட்டுவிட்டு வருவேன். அத்தையை மட்டும் நாலு தடவை சாகடித்திருக்கிறேன்.

போன வருஷம் யதுகிரிக்கு நெஞ்சில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஒரு தடவை சொல்லிடுங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் இல்லாத ஒரு நாளை விளையாட்டுக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதேன். நர்ஸ் வந்து என்னைத்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் இப்போது இதே புகார்தான்: "ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் சாகடிச்சார். கட்டின பொண்டாட்டி கேட்டா மட்டும் முடியாதாம்!"