ராஜம்மாள் சாவில் நான் எடுத்த பொருளாதார வகுப்பு

ஆம்பூர், வியாழக்கிழமை

பாகாயத்தில் இருக்கும் மரியாதைக்குரிய அக்கா ஜெயபுஷ்பம் அவர்களுக்கு, தம்பி இன்பசேகரன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ஜெனிஃபாவும் சுகம். மாடியில் குடியிருந்த ராஜம்மாள் மட்டும் திங்கட்கிழமை இறந்துவிட்டாள். ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடம் பசை தடவியவள். மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருடமாகச் சொன்னாள். படி ஏறுவதால் இருக்கும் என்று நானும் இரண்டு வருடமாகச் சொன்னேன்.

உடலை வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்த அரைமணியில் கரண்ட் போனது. என் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்தோம், அது கீ என்று கத்திவிட்டு அணைந்தது, பெட்டிக்கார சின்னசாமி ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, கண்ணாடி மூடிக்கு மேலேயே விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். பிளஸ் டூவுக்கு முப்பது வருடம் பொருளாதாரம் நடத்திய வாய், இருக்கவில்லை. ராஜம்மாளைக் கம்பெனிக்கு அனுப்பிய லேபர் கான்ட்ராக்டர் செந்தில்குமார் மாலையோடு வந்ததும், "சமூகத்துக்குக் குடுக்கிற தொழில் இருக்கு, உறிஞ்சற தொழில் இருக்கு. ராஜம்மா ஷூ செஞ்சாங்க. நீங்க இன்னா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் இல்லன்னா கேட் உள்ளவே விட்டிருக்க மாட்டாங்க சார். சம்பளத்துல கொஞ்சம் எடுத்தேன், இல்லங்கல. இன்சூரன்ஸ்னு இந்த நவீத் பாயும்தான் எடுத்தாரு. இன்னா வந்துச்சு?"

"ரெண்டு டியூ கட்டல, பாலிசி போய்ட்டுது. என்னிய இன்னா பண்ணச் சொல்றே?" என்றார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நவீத். "பொணத்துக்கு மணிக்கணக்குல வாடகை வாங்கறாரே, அவரக் கேளு."

சின்னசாமி விசிறியை நிறுத்தவில்லை. "இந்த வெயில்ல பெட்டி இல்லாம ஒரு மணி நேரம் வெச்சிப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

நான் காற்றில் விரலால் கோடு கிழித்து, இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். ராஜம்மாளின் மகள் ஜோதி வெளியே வந்தாள்.

"சார், மாசம் பொறந்தா வாடகை வாங்கறீங்களே, அது இன்னா தொழில் சார்? நாலு வருஷமா ஒரு ஜன்னல் கேட்டுது எங்கம்மா."

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் ஜெனரேட்டர் வந்தது. அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவளைக் கூப்பிட்டு, "இனிமே வாடகை வேணாம்மா. எத்தினி நாள் வேணும்னாலும் இரு" என்றேன். தலையாட்டினாள். இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வலியைக் கர்த்தர் இந்த மாதமாவது எடுத்துப்போடட்டும்.

தங்கள் தம்பி,
இன்பசேகரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் செந்தில்குமார் வந்தான். வடநாட்டிலிருந்து வரும் எட்டுப் பேருக்கு மாடி வேண்டுமாம், வாடகை தலைக்கு இவ்வளவு என்று. ஜெனிஃபா பெருக்கிப் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காலி பண்ணும்படி ஜோதியிடம் சொல்லிவிட்டேன். "சரிங்க சார்" என்றாள், அவ்வளவுதான். உங்கள் பக்கம் வீட்டுவேலைக்கு யாராவது ஆள் கேட்டால் எழுதவும். நல்ல பெண், எதிர்த்துப் பேச மாட்டாள்.