ஏழு வண்ணத் திட்டம்

"அண்டாவைத் திறக்காதீங்க பாய்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான் லாய்ட்.

பிரியாணி மாஸ்டர் சர்தாரின் கை மூடியிலேயே நின்றது. "இன்னா சார் நீங்க? ராத்திரி விருந்துக்கு மத்தியானமே எறக்க சொல்லிட்டீங்க. ஆறிப்போவுதுல்ல?"

"அதுக்குப் பேர் பஃபர், கூடுதலா ஒதுக்கி வைக்கிற நேரம். தேனாம்பேட்டை சிக்னலுக்குக் கொஞ்சம், மழைக்குக் கொஞ்சம், உங்க சோம்பேறித்தனத்துக்குக் கொஞ்சம். சரி, மீதி அண்டாவெல்லாம் எங்க?"

"பின்னாடி வருது சார்," என்றார் சர்தார், கூரையைப் பார்த்தபடி.

வேளச்சேரியில் லாய்ட் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொது விழா ஹால் அது. மாமனார் ராஜநாயகத்தின் கல்யாணப் பொன்விழா. சுவர் முழுக்க ஏழு வண்ணத்தில் சார்ட் ஒட்டியிருந்தான். போன வருடம் மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு அவன் போட்ட திட்டத்தில், மாதா கோயிலுக்கு வரவேண்டிய உறவுக்கூட்டம் நேரே மண்டபத்தில் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து மாமனார், "திட்டக் கமிஷன் சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிக்கிறார். அந்த வாயால் இன்றைக்கு 'மாப்பிள்ளை' என்று கூப்பிட வைத்தாக வேண்டும்.

"ஏசியை நிறுத்துங்க. சூடு நிக்கும்."

ஏசி நின்றது. மேடையிலிருந்த கேக் வியர்த்தது. உச்சியிலிருந்த '50'இல் ஐந்து வழுக்கி விழுந்து, பூஜ்யம் மட்டும் மிஞ்சியது.

மனைவிக்குப் போன் போட்டான். "ஐரின், கேக் உருகுது. ஃபேன் போட்டுடட்டுமா?"

"உங்க இஷ்டம்ங்க."

ரசத்துக்கு உப்புப் போடுவதில்கூட அவன் பேச்சைக் கேட்காதவள், காலையிலிருந்து எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை. லாய்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஃபேன் சுழன்றது. மேடைப் பூவெல்லாம் கிளம்பிப் பறந்தது.

"சார், கேக்கு மேல சாமந்தி ஒட்டிக்கினு கீது. பிரியாணி ஜில்லுன்னு கீது."

லாய்ட் அசரவில்லை. வீட்டிலிருந்து மின்அடுப்பைத் தூக்கி வந்து சொருகினான்.

டப்!

ஹால் இருண்டது. அவன் வாய் மட்டும் அணையவில்லை. "பாய், பிளானிங்ல முதல் வேலை என்ன தெரியுமா? காரியத்தை எது கெடுக்கும்னு கண்டுபிடிச்சு, அதை ஓரமா தள்ளி வச்சிடணும்."

"கரெக்ட்டு சார்," என்றார் சர்தார், ரொம்ப பவ்யமாக.

விருந்து நேரம் வந்தது, போயும் விட்டது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. பூஜ்யம் போட்ட கேக்கின் எதிரே நாற்காலியில் சரிந்தான் லாய்ட்.

"யாருமே வரலையே பாய்... மாமாகூடவா?"

சர்தாரின் போன் அடித்தது. "சரிம்மா... இட்டாந்துடறேன்மா," என்று வைத்தவர், தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டில ஏறுங்க சார். மீதி அண்டால்லாம் சாயங்காலமே அடையாறு மண்டபத்துக்குப் போயிடுச்சு. விருந்து ஜோரா நடந்துக்கினு கீதாம். கேக்கு வெட்டியாச்சாம், போட்டோ எடுத்தாச்சாம். இனிமே நீங்க வரலாம்னு ஐரின் அம்மா சொல்லிட்டாங்க."

"அடையாறா? அப்போ இந்த ஹால்... இந்த சார்ட்..."

"எது கெடுக்கும்னு அவங்க போன மாசமே கண்டுபிடிச்சு, இங்க ஓரமா தள்ளி வச்சிட்டாங்க சார்."