மக்கள் சார்பில் ஒரு செல்போன்

தனக்கென்று எதையுமே கேட்காத பிறவி ஒன்று இந்த உலகத்தில் உண்டு. அவசரப்பட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். துறவிகளைப் பற்றி நான் பேசவில்லை. மக்களுக்கு இது வேண்டும், மக்கள் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், மக்கள் இதை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஒன்று எடுத்துவைக்கட்டுமா?" என்று கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஓர் இனத்தைச் சொல்கிறேன். இவர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் யாராலும் தோற்கடிக்கவும் முடிவதில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். எல்லோரும் பேருந்தில் போனால்தான் நகரம் உருப்படும் என்பார். காருக்குள் ஏசியைக் கூட்டிக்கொண்டே சொல்வார். விடியற்காலை நடையின் பெருமையை அவர் விவரித்தால் கேட்பவருக்குக் கால் துறுதுறுக்கும். யாராவது அதை நம்பி மறுநாள் இருட்டோடு எழுந்து நடந்துவிட்டு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், போர்வைக்குள் இருந்தபடியே மனமாரப் பாராட்டுவார். மச்சானுக்கு உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வலியுறுத்தி, மாதிரி பார்த்து, கடைவரை கூடவே போய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவரிடம் அவர் மனைவி கேட்டார்:

"ஏங்க, நமக்கும் ஒன்னு வாங்கிப் போட்டா என்ன?"

"நமக்கெதுக்கு? அதெல்லாம் தொப்பை போட்டவங்களுக்கு."

"அப்ப இது என்ன? தலகாணியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மக்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே அவரிடம் பதில் உண்டு.

இந்த இனத்தில் நான் பார்த்தவற்றுள் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தது. பதவிப் பெயர் நீளமானது. அதை யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'மக்கள் சார்'. "மக்கள் சார் வந்துட்டாரு, சிரிக்காதீங்க" என்று ஒருவர் எச்சரிப்பார். உடனே எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நிறுவனம் செய்துவந்தது ஒரே ஒரு செயலி. மாத்திரை போட வேண்டிய நேரத்தில் மணியடித்து நினைவூட்டும் செயலி. நல்ல செயலி. மறதிக்காரர்கள் பலர் அதை நம்பித்தான் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கண்ணுக்கு முன்னால் ஓடாத செயலிகளையெல்லாம் ஓசைப்படாமல் தூங்கவைத்துவிடும். அந்தத் தூக்கத்தில் இதுவும் சேர்ந்து தூங்கிவிடும். எழுப்புவதற்கென்றே பிறந்தது தூங்கிப்போனால் என்ன ஆகும்? சோதனைப் பிரிவின் தலைவிக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய மாமனார் ஒரு சாயங்காலம் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிட்டு, தலைசுற்றி, குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். போன் கூடத்து அலமாரியில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மாள் எழுந்து நின்று சொன்னார்: "ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு மாதிரி தூங்குது சார். ஒன்னொன்னா எடுத்துப் பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி நம்ம ஆப்பை மாத்தணும். கஷ்டம்தான், ஆனா முடியும். என் டீமை மட்டும் வேற வேலைக்கு இழுக்காம விடுங்க."

அறையில் ஓர் அலுப்பு பரவியது. பழுது பார்ப்பதற்கு எந்த ஊரிலாவது கைதட்டுகிறார்களா? மக்கள் சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நாற்காலி பின்னுக்குப் போனால் யோசனை முன்னுக்கு வருகிறது என்று பொருள்.

"ஏம்மா, எத்தனை நாளைக்கு அடுத்தவன் வீட்ல வாடகைக்கு இருக்கறது? அவன் லைட்டை அணைச்சா நாம தூங்கணும், அவன் எழுப்பினா நாம எழுந்திருக்கணும். சொந்தமா கட்டுவோம். நம்ம பேர்ல ஒரு போன்! அதுல நம்ம ஆப்பைத் தூங்கவைக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

எம்.டி. அதுவரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவர், அதை வாயிலிருந்து எடுத்தார். அவ்வளவுதான், போன் பாதி தயாராகிவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனம் தன் பெயரில் போன் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். வாடகை வீட்டு வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. உண்மை கொஞ்சமும் கலக்காத யோசனையை யார்தான் கேட்பார்கள்? செய்து ஜெயித்தவர்களும் இருப்பார்கள், கையைச் சுட்டுக்கொண்டவர்களும் இருப்பார்கள். என் வழக்கு போனோடு அல்ல. அந்த அம்மாள் அடுத்துக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலோடு.

"நீங்க வாங்குவீங்களா சார்?"

"நானா?"

"ஆமா சார். இப்ப வச்சிருக்கற போனைத் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு வருவீங்களா?"

"என் விஷயம் வேறம்மா. போட்டோ, பேங்க்கு, நம்பருங்க, எல்லாம் இதுல செட் ஆயிருச்சு. மக்கள் அப்படி இல்ல."

"மக்களுக்குப் போட்டோ இருக்காதா சார்?"

"நீ டெஸ்டிங். எதைக் காட்டினாலும் உனக்கு ஓட்டைதான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தன் போனை விடத் தயாராக இல்லை என்பதும், ஆனால் எல்லோருமே மக்கள் விட்டுவிடுவார்கள் என்று மனதார நம்பினார்கள் என்பதும்தான் இதில் வேடிக்கை. ஜன்னலுக்கு வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ சிலர்தான் மக்கள். அவர்களுக்குப் பழைய படங்கள் கிடையாது, பழக்கம் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, புத்தியும் அவ்வளவாகக் கிடையாது. அள்ளிக்கொண்டு போவதற்கு இரண்டு கைகள் மட்டும் உண்டு.

சோதனைப் பிரிவு மொத்தமும் போன் வேலைக்கு மாற்றப்பட்டது. "போன் வந்துட்டா அந்தப் பிரச்சினையே இருக்காதேம்மா" என்றார் மக்கள் சார், ஆறுதலாக.

சொந்தப் போன் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கேயோ ஒரு தொழிற்சாலை, யார் கேட்டாலும் செய்து கொடுக்கும் அதே போன். முதுகில் மட்டும் நம் பெயர். அந்தப் பெயர் முதுகின் நடுவில் வருவதா, கீழே வருவதா, பிடிக்கும்போது உள்ளங்கை அதை மறைக்குமா, மறைத்தால் மக்கள் மனம் புண்படுமா என்பதைப் பற்றி நடந்த கூட்டங்களில் ஒன்றிலாவது மணி அடிக்குமா என்று யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். அந்த அம்மாள் கேட்டார். "அது சாஃப்ட்வேர் பிரச்சினைம்மா, இது போன் மீட்டிங்" என்று பதில் வந்தது.

போன் வந்தது. கடைக்குப் போகுமுன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று வழங்கப்பட்டது. மக்கள் சார் தம்முடையதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்தது பழைய போனில். அதில்தான் முகம் நன்றாக விழும்.

அன்று முதல் அந்த அலுவலகத்தில் ஒரு புதிய சடங்கு பிறந்தது. எம்.டி. அறைக்குப் போகிறவர் கதவுக்கு முன் ஒரு கணம் நிற்பார். பழைய போன் கால்சட்டைப் பைக்குள்ளோ காலுறைக்குள்ளோ கைப்பையின் அடியிலோ இறங்கும். புதியது கைக்கு ஏறும். வெளியே வந்ததும் இரண்டும் இடம் மாறும். மக்கள் சார் இதில் கலைஞர். ஒரே கையில், பேச்சை நிறுத்தாமல், "நான் இப்பல்லாம் இதை மட்டும்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் மாற்றிவிடுவார். ஒருநாள் எம்.டி. போனின் அருமையைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய மேசை டிராயருக்குள் ஏதோ ஒன்று கிர்ரென்று அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மேசை மீது நம் பெயர் தாங்கிய போன் அமைதியாகக் கிடந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அவ்வளவு அழகான மின்விசிறியை அவர்கள் அதற்கு முன் கண்டதே இல்லை.

அந்தப் போனை உண்மையாகவே பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்: அந்த அம்மாளின் மாமனார். மருமகள் கொண்டுவந்து கொடுத்தது என்பதற்காகவே பழையதை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார். மணி அடித்தது. அபாரமாக அடித்தது. எந்தச் செயலியும் தூங்காததால் எல்லாமே விழித்திருந்து பேட்டரியைக் குடித்தன. சாயங்கால மாத்திரைக்கு முன்பே போன் உயிரை விட்டது.

"ஏம்மா, இதுக்குச் சார்ஜ் போடச் சொல்லி எனக்கு ஒரு போன் ஞாபகப்படுத்தணும் போல இருக்கே" என்றார் மாமனார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா, சரி பண்ணிடுவாங்க."

சரி செய்தார்கள். பேட்டரி நிற்கவில்லை என்று நிறுவனம் தொழிற்சாலைக்கு எழுத, தொழிற்சாலை தன்னிடம் தயாராக இருந்த மருந்தை ஏற்றி அனுப்பியது. கண்ணுக்கு முன்னால் ஓடாத செயலிகளையெல்லாம் போன் ஓசைப்படாமல் தூங்கவைத்துவிடும் ஏற்பாடு. இப்போது பேட்டரி இரவுவரை நின்றது. மணி நின்றுபோனது. சொந்த வீட்டிலேயே, சொந்தக் கையாலேயே, நம் செயலி தாலாட்டப்பட்டது.

"அது தூங்குது, நான் முழிச்சிருக்கேன்" என்றார் மாமனார். "யாரை யாரும்மா எழுப்பறது?"

அந்த வாரமே இரண்டாவது முறையாக அவருக்குத் தலைசுற்றியது. இந்தத் தடவை நல்லவேளையாகச் சோபாவில்.

அடுத்த கூட்டம், இரண்டாம் மாடல் செய்வதா, அல்லது போனை விட்டுவிட்டுச் செயலியைச் சரிசெய்யப் போவதா என்று முடிவெடுப்பதற்காகக் கூட்டப்பட்டது. அந்த அம்மாள் தம் ஆட்களைத் திருப்பிக் கேட்டார். மாமனாருக்கு நேர்ந்ததைச் சொன்னார். ஒரு நிமிடம் அறை உண்மையாகவே கலங்கியது. எம்.டி.கூடப் பேனா மூடியை மறந்தார். அப்போது நாற்காலி பின்னுக்குப் போனது.

"வருத்தமாதான்மா இருக்கு. ஆனா ஒரு ஆளை வச்சு மக்களை எடை போட முடியுமா?"

"சார், யூஸ் பண்ணினதே அந்த ஒரு ஆள்தான்."

"அதான் சொல்றேன். ஒருத்தர் மக்கள் ஆக மாட்டாரு."

கேட்டீர்களா? யாரும் தொடாதவரை மக்கள் அந்தப் போனை விரும்பினார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்துக் குறை சொன்னதும், அவர் மக்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்.

இரண்டாம் மாடலுக்கு ஒப்புதல் கிடைத்தது. முதியோருக்கான சிறப்பு மாடல். பெரிய எழுத்து, இளநீல முதுகு. சோதனைப் பிரிவு இளநீலத்தின் எந்தச் சாயல் என்று பார்க்க அனுப்பப்பட்டது. செயலியைச் சரிசெய்வது "அடுத்த கட்டம்" என்று குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த கட்டம் என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத ஒரு தேதி.

பேச்சு இளநீலத்தில் சூடுபிடித்திருந்தபோது அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், கதவுக்கு வெளியே போனார். கண்ணாடிச் சுவர் வழியாகக் குரல் லேசாகக் கேட்டது.

"மாமா, மாத்திரை போட்டுட்டீங்களா? இல்ல, இப்பவே போடுங்க. நான் லைன்லயே இருக்கேன். தண்ணி எடுத்தீங்களா? ம்... முழுங்கிட்டீங்களா? சரி மாமா, வச்சிடறேன்."

உள்ளே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மக்கள் சாரின் கண்கள் பனித்துவிட்டன. பாசாங்கு என்று நினைக்காதீர்கள், உண்மையான கண்ணீர். அதுதான் இந்த இனத்தின் ஆபத்தே.

"பாத்தீங்களா?" என்றார் கண்ணைத் துடைத்தபடியே. "மக்களுக்கு வேண்டியது மணி இல்ல. மனுஷக் குரல். இதை மூணாவது மாடல்ல போட்டுடலாம்."

இவ்வளவு தூரம் படித்ததில் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். வராமல் இருக்காது: ஒரு சித்தப்பா, ஒரு மேலாளர், மாடி வீட்டுக்காரர் ஒருவர். அப்படியே அவரை உரித்து வைத்த மாதிரி இருக்கிறதே, அவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டுமே என்று தோன்றி, அனுப்புவதற்காகப் போனைக் கையில் எடுத்தும் விட்டீர்கள், இல்லையா? அனுப்புங்கள். அவருக்கு மிகவும் பயன்படும். உங்களுக்கு இது எதற்கு? அவரும் ரசித்துப் படித்துவிட்டு, வேண்டிய இன்னொருவருக்கு அனுப்பிவைப்பார். அந்த இன்னொருவர் வேறொருவருக்கு. இப்படியே இது எல்லோருடைய போனுக்கும் ஒரு சுற்று போய்வந்துவிடும். இது எனக்குத்தான் என்று வைத்துக்கொள்ள மட்டும் ஒருவர்கூட இருக்கமாட்டார்.