மயில் தோகையில் எர்த்

“இந்த நீலம் உசிரே இல்லாம இருக்கே தாயி,” என்றார் முதலாளி செல்லப்பாண்டி அண்ணாச்சி.

வேல்விழி திரையில் தெரிந்த தன் வரைபடத்தைப் பார்த்தாள். பட்டனை அமுக்கினால் வாணங்கள் வரிசையாகக் கிளம்பும் பெட்டிக்குச் சர்க்யூட் போர்டு வரைந்திருந்தாள். காலையில்தான் அதை சிடியில் போட்டு டிரைவர் பெத்தணன் மூலம் முதலாளிக்கு அனுப்பினாள். சாயங்காலமே அவர் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். போர்டு தேறாவிட்டால் வேலை போய்விடும். டிப்ளமாவை மடித்து வைத்துவிட்டு அம்மாவோடு நாரணாபுரத்தில் திரி வெட்ட வேண்டியதுதான். விடுவதாக இல்லை அவள்.

“இது சாயமில்ல அண்ணாச்சி. போர்டுல மேல்பக்கக் கம்பிக்குச் சிவப்பு, கீழ்ப்பக்கத்துக்கு நீலம். நம்ம கண்ணுக்கு அடையாளம், அம்புட்டுதான். செஞ்சு வந்தா எல்லாமே செம்புதான்.”

“செம்பா வந்தா எவன் வாங்குவான்?”

நீலத்தை அழுத்தமாக்கினாள். அடியில் இருந்த சிவப்பு காணாமல் போனது.

“செவப்ப முழுங்கிட்டியே!”

இரண்டையும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்படி மாற்றினாள். கோடும் கோடும் குறுக்கிட்ட இடமெல்லாம் ஊதாவாகத் தெரிந்தது.

“ஆகா, இந்த ஊதா! இத நெறையப் போடு.”

ஊதா வேண்டுமானால் மேல்கம்பி கீழ்க்கம்பியைத் தாண்டிப் போக வேண்டும். நேராகப் போன கம்பிகளையெல்லாம் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் சுற்ற வைத்தாள். அதற்குப் பலன், அடுத்த உத்தரவு.

“இந்தத் தடிக்கோடு அசிங்கமா இருக்கு. எடுத்துட்டு ஒரு மயில் போடு.”

“அண்ணாச்சி, அது எர்த்து! எடுத்தா பெட்டி நம்ம மூஞ்சிலயே வெடிச்சிரும்!”

“அதெல்லாம் ஒண்ணும் வெடிக்காது. மயில் வந்தாகணும்.”

செம்பிலேயே ஒரு மயிலை வரைந்து, எர்த்தை அலகில் ஏற்றித் தோகை வழியாக இறக்கினாள். இனி மயில் இல்லாமல் ஒரு வாணமும் கிளம்பாது.

அண்ணாச்சி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “இந்த சிவகாசியில எவனும் இப்படிச் செஞ்சதில்ல தாயி. பாஸ்!”

புது சிடியோடு வேல்விழி வாசலுக்கு ஓடினாள். “பெத்தணண்ணே, போர்டு பாஸாயிருச்சு! செய்யுறதுக்கு இன்னைக்கே கோயமுத்தூருக்கு அனுப்பிருங்க!”

பெத்தணன் தலையைச் சொறிந்தார்.

“போர்டா? அது நீ மொத நாள் குடுத்த சிடியிலயே கோயமுத்தூருல செஞ்சு வந்து, நேத்து வெம்பக்கோட்டைல வெடிச்சும் பாத்தாச்சே; இம்புட்டு நாளா நீ வரையறது பெட்டி மேல ஒட்டுற லேபிளுன்னுல்ல அண்ணாச்சி சொல்லிக்கிட்டிருந்தாக!”