சிவப்புத் தாள் கேக்கு

முடிவு பண்ணிட்டேன். இந்தக் கிறிஸ்மஸ்க்கு எங்க தெருவுல ஒரே ஒரு வாயாவது "ரொனால்டு கேக்கு"ன்னு சொல்லணும். சொல்ல வைக்காம விடுறதில்ல.

இருபத்தோரு வருஷமா என்ன சொல்றாங்க தெரியுமா? "தீபா கேக்கு." தீபா என் சம்சாரம். கேக்கு, கல்கல், அச்சு முறுக்கு எல்லாத்துக்கும் அவ பேருதான். சரி, செய்யிறவ அவ. ஆனா கிறிஸ்மஸ் அன்னைக்கு எவர்சில்வர் தட்டுல அடுக்கி, மேல பூப்போட்ட துணியை மூடி, இருபத்திரெண்டு வீட்டுக்கு நடையா நடந்து குடுக்குறது யாரு? நான். அந்த இருபத்திரெண்டு வாசல்லயும் எனக்கு என்ன மரியாதை? தட்டை வாங்குவாங்க. என்னைத் தாண்டி ரோட்டைப் பாப்பாங்க. "தீபா வரலையா?"

நானும் சும்மா ஆளில்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அதோட, யாரு குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். எங்க பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு முன்னாடி தொண்டையைச் செருமுற மாதிரி நான் செருமினா, மணியடிக்கிற கோயில்பிள்ளை எந்திரிச்சு நின்னுருவாரு. எதிர்வீட்டு ஜக்கம்மா அக்கா குரல்ல நான் ஒருக்கா கூப்பிட்டதும், அவங்க வீட்டுக்காரரு சோத்துல கை வச்சபடியே தெருவுக்கு ஓடி வந்தாரு. இம்புட்டுத் தெறமை உள்ளவன் கேவலம் ஒரு கேக்கு செய்ய மாட்டேனா?

தீபா முந்திரி நறுக்கிட்டு இருந்தா. போய் முன்னாடி நின்னேன்.

"தீபா, இந்த வருஷம் கேக்கு நான் செய்யிறேன்."

"எங்க?"

"எங்கன்னா? அடுப்படியிலதான்."

"நம்ம வீட்டு அடுப்படியிலயா?"

"பின்ன, எதிர்வீட்டு அடுப்படியிலயா?"

"இல்ல, நம்ம வீட்ல அது எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமான்னு கேட்டேன்."

பாத்தீங்களா? பேசும்போது கை நிக்கல. முந்திரி நறுக்குற அதே வேகத்துல என்னையும் நறுக்குறா.

"நக்கல் வேணாம் தீபா. போட்டின்னே வச்சுக்குவோம். நீ ஒண்ணு செய்யி. நான் ஒண்ணு செய்யிறேன். தெருக்காரங்க தின்னு பாத்துச் சொல்லட்டும்."

"தோத்தா?"

"தோத்தவங்க தட்டைத் தூக்கணும். இருபத்திரெண்டு வாசல்லயும் நின்னு, 'இந்தக் கேக்கு இன்னார் செஞ்சது'ன்னு ஜெயிச்சவங்க பேரை வாய் நெறையச் சொல்லிக் குடுக்கணும்."

இப்பத்தான் கத்தியைக் கீழ வச்சா.

"ஏங்க, தட்டு இப்பவும் நீங்கதான தூக்குறீங்க? தோத்தா உங்களுக்கு என்ன நட்டம்?"

"ஜெயிச்சா நீ தூக்கணும்ல!"

"அப்பச் சரி. ஒரு வெவரம். உங்களுக்குச் சுகரு. மாவை வேணா நக்குங்க. சுட்ட கேக்குல ஒரு துணுக்கு வாயில போச்சு, ஆட்டத்தைக் கலைச்சுருவேன்."

சரின்னேன். பங்கு பிரிச்சுட்டா. ஆளுக்குப் பன்னெண்டு முட்டை, ஆளுக்கு ஒரு கிலோ மைதா, ஆளுக்கு ஒரு தட்டு. நாடு பிரிச்ச மாதிரி அடுப்படிக்கு நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டா. ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் அவ. இந்தப் பக்கம் நான்.

முதல் வேலை சீனியைக் கருக்குறது. கேக்குக்குக் கறுப்பு நெறம் அதுலதான் வரும். வாணலியில சீனியைப் போட்டு, பொன்னெறம் ஆனதும் இறக்கணும். பொன்னெறம் எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு, யாருக்குத் தெரியும்? நான் பாத்தப்ப வாணலிக்குள்ள ரோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"ஏங்க, பொகை வருது."

"அது அப்படித்தான் வரும். நீ உன் பக்கம் பாரு."

தண்ணியை ஊத்தினேன். சொய்ங்ங்னு ஒரு சத்தம். ரெண்டடி பின்னால குதிச்சேன். பின்னால இருந்தது முட்டைக் கூடை. பன்னெண்டுல ஏழு போச்சு. அஞ்சு முட்டையில மூணு கிலோ கேக்கு எப்படிச் செய்யிறது? அந்தப் பக்கம் கடன் கேக்கலாமா? தன்மானம்னு ஒண்ணு இருக்குல்ல! சுத்திப் பாத்தேன். ஆணியில சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்புத் தொங்குச்சு, தோலெல்லாம் கறுத்து. அம்புட்டையும் உரிச்சுப் போட்டுப் பிசைஞ்சேன். ஒட்டணும், அதுதானே முக்கியம்?

தீபா எட்டிப் பாத்தா. திரும்பி அவ மாவைக் கலக்கப் போயிட்டா. விரலை வச்சு நக்கிப் பாத்தேன். கசாயம்.

சரி, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட மூளை இருக்கு.

எங்க ஊர்ல மாவு கலக்குறதுதான் வீட்ல. வேக வைக்கிறது பேகம்பூர்ல அப்பாஸ் பாய் பேக்கரியில. கிறிஸ்மஸ்க்கு முந்தி ஒரு வாரம் அவரு விறகடுப்புல நாப்பது அம்பது வீட்டுத் தட்டு வேகும். நம்ம தட்டு மேல பேரெழுதின சீட்டை வச்சுக் குடுக்கணும், அம்புட்டுதான். மறுநாள் போய் வாங்கிக்கிறலாம்.

"நீங்க குடுத்துட்டு வாங்க. சுட்டதை நாளைக்கு நான் போய் வாங்கிக்கிறேன்"னா தீபா.

வண்டியில ரெண்டு தட்டையும் வச்சுக் கெளம்பினேன். பேகம்பூர் திரும்புற முக்குல வண்டியை நிறுத்தினேன். இந்தப் பக்கம் பாத்தேன். அந்தப் பக்கம் பாத்தேன். 'ரொனால்டு' சீட்டை எடுத்து தீபா மாவு மேல வச்சேன். 'தீபா' சீட்டை எடுத்து என் தார் மேல வச்சேன். அரை நிமிசம்கூட ஆகல. வேர்க்கக்கூட இல்ல.

இருபத்தஞ்சாந் தேதி. பூசை முடிஞ்சு வந்தாச்சு. தீபா முந்தின நாளே கேக்கை வாங்கி, வெட்டி, ஒண்ணைச் சிவப்புத் தாள்லயும் ஒண்ணைப் பச்சைத் தாள்லயும் துண்டு துண்டாச் சுத்தி வச்சிருந்தா. எது யாருதுன்னு மூச்சு விடல. தீர்ப்புச் சொல்ல ரெண்டு பேரு வந்தாங்க. எதிர்வீட்டு ஜக்கம்மா அக்கா, பக்கத்து வீட்டுப் பாண்டியராஜ். பாண்டியராஜுக்கு எதைத் தின்னாலும் வீடியோ எடுக்கணும்.

அக்கா பச்சையைப் பிரிச்சாங்க. மென்னாங்க. "ம். கொறை சொல்றதுக்கில்ல."

எனக்கு ஆச்சரியம். இது என் தாராத்தான் இருக்கணும், அதுகூட இறங்குதே! அக்காவுக்கு நல்ல பசி போல.

அடுத்தது சிவப்பு. ஒரு கடி. கண்ணை மூடினாங்க. மூக்குல ஆரம்பிச்சுத் தொண்டையில முடியுற அந்தக் குரல்ல சொன்னாங்க. "ஏயப்பா... இது கேக்கு! ஏலே பாண்டி, அதை இங்கிட்டுத் தள்ளு."

"அக்கா, எனக்கு ஒரு துண்டாச்சும் வைங்க!"

"சிவப்புத்தான். சந்தேகமே இல்ல. யாரு தாயி செஞ்சது?"

தீபா தலையைக் குனிஞ்சா. "சிவப்பு அவரு செஞ்சது அக்கா."

ஆகா! அந்த நிமிசம் நான் தரையில நிக்கல. பாண்டியராஜ் வாயைப் பொளந்தான். ஜக்கம்மா அக்கா இருபத்தோரு வருசத்துல முதல் தடவையா என்னைத் தாண்டிப் பாக்காம, என்னையே பாத்தாங்க.

"தம்பி! ரொனால்டு! நீயா? இந்தக் கையா?"

"ஏதோ, மனசு வச்சா வரும் அக்கா"ன்னேன், பங்குச் சாமியார் மாதிரி லேசாச் செருமிட்டு.

"ரொனால்டு கேக்குன்னா ரொனால்டு கேக்குதான்!"ன்னான் பாண்டியராஜ்.

சொல்லிட்டான்! காது குளிர்ந்துச்சு. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தீபா நிறுத்தல.

"எனக்கும் பெருமையா இருக்கு அக்கா. எங்க அண்ணனுக்குப் போன் போட்டேன். செம்பட்டியில ஒண்ணாந் தேதி புது வீட்டுக்குக் குடி போறாருல்ல, பத்து கிலோ கேக்கு கேட்டாரு. உங்க மச்சான் செய்வாருன்னுட்டேன்."

"பத்து கிலோவா?"ன்னேன்.

"உங்களுக்குப் பத்து கிலோ எம்மாத்திரம்?"

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கிறலாம் தாயி"ன்னாங்க அக்கா. "தம்பி, எனக்கு இப்பவே ஒண்ணு காட்டணும். சீனியை எப்படிக் கருக்குன? அடுப்பைப் பத்த வையி. பாத்துக் கத்துக்கிறேன்."

"நான் வீடியோ எடுக்குறேன்!"ன்னான் பாண்டியராஜ்.

"வாணலியைக் கழுவியே வச்சிருக்கேன்"னா தீபா. "ஏங்க, செத்த நேர வேலைதானே. வாங்க."

வாணலி பளபளன்னு என்னைப் பாத்து இளிச்சுது. எனக்குத் தெரிஞ்சது ஒரே வித்தை. அது ரோடு போடுற வித்தை. வேற பக்குவம் தெரிஞ்சாத்தானே காட்டுறது? வீடியோ வேற. நாளைக்குத் தெருவே பாக்கும். நாளான்னைக்குச் செம்பட்டியே பாக்கும். பத்து கிலோ தாரைத் தூக்கிட்டு மச்சான் வீட்டு வாசல்ல நான் நிக்கிற காட்சி கண்ணு முன்னாடி ஓடுச்சு.

"அக்கா... ஒரு விசயம்."

"சொல்லு தம்பி."

"சிவப்பு நான் செஞ்சதில்ல. தீபா செஞ்சது. பேக்கரிக்குப் போற வழியில சீட்டை மாத்தி வச்சுட்டேன்."

அம்புட்டுதான். கையில வீடியோ ஓட ஓடவே பாண்டியராஜ் சிரிச்ச சிரிப்புல கேக்குத் தூள் என் சட்டை பூரா தெறிச்சுது.

"நான் நினைச்சேன்!"னாங்க அக்கா. "ஒரு கடியிலயே நினைச்சேன். ஆம்பளக் கையில இந்த ருசி வருமா? இது தீபா கைன்னு நாக்கு சொல்லுச்சு, வாயிதான் சொல்லல!"

தீபா பூப்போட்ட துணியைத் தட்டு மேல மூடி, என் கையில குடுத்தா. "இருபத்திரெண்டு வீடு. வாய் நெறையச் சொல்லணும். ஒப்பந்தம்."

சொன்னேன். வாசல் வாசலா நின்னு சொன்னேன். "சிவப்பு தீபா செஞ்சது. பச்சை நான் செஞ்சது." எல்லாரும் சிவப்பை முதல்ல பிரிச்சாங்க. எல்லாரும் ரோட்டைப் பாத்தாங்க. "தீபா வரலையா?"

கடைசி வீடு பேகம்பூர்ல அப்பாஸ் பாய், அதுக்கு மட்டும் வண்டியில போனேன். பேக்கரிக்கு மாடியிலயே வீடு. சிவப்பை ஒரு கடி கடிச்சாரு.

"மாஷா அல்லாஹ்! சிறுமலைப் பழம்தானே தம்பி? அடுப்புல வேகும்போதே தெரு மணத்துச்சு. நாப்பது வருசமா கேக்கு சுடுறேன், இந்த யோசனை எனக்கு வரல பாருங்க."

"பாய், சிவப்பு தீபா செஞ்சது"ன்னேன் பழக்கத்துல. அப்பறம்தான் காதுல விழுந்துச்சு. "என்ன பழம்?"

"தங்கச்சி தட்டுல பழம் இல்லையே தம்பி. உங்க தட்டுலதான். ஆமா, கேக்கணும்னு நெனச்சேன், ரெண்டு சீட்டும் மாறிக் கெடந்துச்சே? நான் சீட்டை எங்க நம்புறேன், அடுப்படிக் காத்துல பறக்கும். தட்டு விளிம்புல வெட்டுன பேரைத்தான் பாப்பேன். உங்க மாமியா வீட்டுச் சீர்த்தட்டுல 'தீபா'ன்னு கொட்டை எழுத்துல வெட்டிருக்கே. சரி பண்ணிட்டேன். தங்கச்சி வாங்க வந்தப்பவும் சொன்னேனே!"

வண்டி வீட்டுக்கு எப்படிப் போச்சுன்னு வண்டிக்குத்தான் தெரியும்.

"தீபா! சிவப்பு நான் செஞ்சது!"

"தெரியும்."

"தெரியுமா! நேத்தே தெரியுமா?"

"பாய் சொன்னாரு. சீட்டு தானா மாறிக் கெடந்துச்சாம், பாவம்."

"அப்பறம் ஏன் அம்புட்டுப் பேரு முன்னாடி பொய் சொன்ன?"

"நான் என்னங்க பொய் சொன்னேன்? சிவப்பு அவரு செஞ்சதுன்னேன். உண்மை. பெருமையா இருக்குன்னேன். அதுவும் உண்மை. இருபத்திரெண்டு வாசல்ல நின்னு பொய் சொல்லிட்டு வந்தது யாரு?"

பங்குச் சாமியார் மாதிரி செருமிப் பாத்தேன். யாரு குரலும் வரல.

"நல்லா இருக்குங்க, நெசமாவே"ன்னா தீபா. டப்பாவைத் தெறந்து காட்டினா. சிவப்புத் தாள் நாலு துண்டு. "எனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்கேன். இருபத்தோரு வருசத்துல என் கேக்கைவிட ஒரு கேக்கு நல்லா இருக்குன்னு சொல்றது இதான் முதல் தடவை. செம்பட்டிக்கும் இதே மாதிரி செஞ்சுருங்க. எனக்கு அந்தப் பழக் கணக்குத் தெரியாது."

"அங்கயாவது என் பேரைச் சொல்வியா?"

"இப்பத்தான் அண்ணன் போன் பண்ணாரு. பாண்டியராஜு வீடியோ அங்க வரைக்கும் போயிருச்சாம். உங்க பேரு ஏற்கெனவே போயிருச்சுங்க."

விடுவேனா? நான் செஞ்சது. என் கையால செஞ்சது. என் ஏழு முட்டை ஒடஞ்சு, என் சீனி கருகி வந்தது. ஊருக்குச் சொல்லியே ஆகணும். நேரா எதிர்வீட்டுக்குப் போனேன். கேட்டுல நின்னு ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். 'அக்கா, நான் கள்ளாட்டம் ஆடுனது உண்மை. ஆனா அது பலிக்கல. அதனால நான் தோத்தது பொய். அதனால நான்தான்...'

இன்னொரு தடவை சொல்லிப் பாத்தேன். எனக்கே நம்பிக்கை வரல.

கதவு தெறந்துச்சு. ஜக்கம்மா அக்கா. வாயில சிவப்புக் கேக்கு.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. காலித் தட்டை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."